கம்பளியிலிருந்து குளிர்ச்சட்டை வரை



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், குளிருக்கு உடுத்தும் உடை. "மலேசியாவில் ஏதய்யா குளிர்?" என்று யாரேனும் கேட்டால், அவர் நகரத்தில் வளர்ந்தவராக இருக்கவேண்டும். ரந்தாவிலும் பஹாவிலும் லாபுவிலும் விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இக்காலத்திலும், இரவு மழை பெய்த மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கும், பேருந்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் குளிர் உண்டு. வெயில் வந்தபின் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

ஒரு சொற்பிரச்சினையை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஜாக்கெட் என்றால் நம் பெண்களுக்கு இரவிக்கைதான் நினைவுக்கு வரும். மலாய்க்காரர்கள் 'பாஜு செஜுக்' என்கிறார்கள். நாம் இங்கே குளிர்ச்சட்டை என்றே சொல்லிக்கொள்வோம்.

கம்பளி சூடு தருகிறதா? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் "ஆமாம்" என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் ஐஸ்கட்டி விற்பவர் அதை மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கம்பளியைச் சுற்றினாலும் ஐஸ் எளிதில் கரையாது. சூடு தருகிற பொருளாக இருந்தால் அது ஐஸை உருக்கியல்லவா இருக்கவேண்டும்? கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு இங்கிருந்து அங்கே போவதைத் தடுக்கிறது. அதிலும் தடுப்பது மயிர் மட்டுமன்று. மயிருக்கும் மயிருக்கும் இடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அசையாத காற்றின் வழியே சூடு மிக மெதுவாகத்தான் கடக்கும். ஆகவே நல்ல குளிர்ச்சட்டை என்பது காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் சட்டை. அச்சிறையை உடைப்பவை இரண்டு. ஒன்று வீசும் காற்று, மற்றொன்று தண்ணீர்.

மூன்று பால் டின்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றைச் சும்மா விட்டுவிட்டு, ஒன்றின்மேல் காய்ந்த துணியையும் இன்னொன்றின்மேல் நனைந்த துணியையும் சுற்றி வையுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பிள்ளைகளையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த துணிக்குள் இருக்கும் தண்ணீர் எவ்வளவு விரைவில் ஆறிப்போகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். வெந்நீரைப் பெரியவர்கள் ஊற்றுவது நல்லது.

நம் முன்னோருக்கு இந்தக் கணக்கெல்லாம் எழுத்தில் தெரியாது; கைப்பழக்கத்தில் தெரியும். பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன் என்னும் வள்ளல், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்த செய்தி சங்க நூல்களில் உள்ளது. அவன் ஈகையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மயில் ஏற்கெனவே நல்ல குளிர்ச்சட்டை போட்டிருந்தது! பறவையின் மேலிறகுக்கு அடியில் மெல்லிய தூவி இருக்கிறதே, அதைவிட எடை குறைந்த குளிர்காப்பை மனிதர் இன்றுவரை எளிதில் செய்ய முடியவில்லை. அன்னத்தூவி மெத்தையைப் பற்றிப் பழைய இலக்கியம் பேசுகிறது. ஆனால் தூவி அரசர் வீட்டுப் பொருள். ஏழைகளுக்கு ஆட்டுமயிர்க் கம்பளிதான்.

கம்பளி நெய்தவர்கள் ஆடு மேய்த்த குரும்பர்கள். மயிரைக் கத்தரித்து, நூற்று, புளியங்கொட்டைப் பசை தடவி நெய்வார்கள். முரடாக இருக்கும், உடம்பை அரிக்கும். ஆனால் ஆட்டுமயிருக்கு ஓர் அரிய குணம் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. சுருண்ட மயிர் படுத்துவிடாமல் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைத்திருக்கும். பருத்தி அப்படியன்று. நனைந்ததும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, உடம்பின் சூட்டையே உறிஞ்சத் தொடங்கிவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் இலங்கைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். 1830களுக்குப் பின் அங்கே காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, வறண்ட சமவெளியில் பிறந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். இடுப்பில் பருத்தித் துணி. ஏறியதோ மழையும் பனியும் பெய்யும் மலை. பசியாலும் காலராவாலும் குளிராலும் வழியிலே விழுந்தவர்கள் பலர். அதனால்தான் மலைத்தோட்டங்களில் கம்பளி ஒரு முக்கியமான பொருளாயிற்று. தலையையும் முதுகையும் மூடுமாறு அதை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து பறித்தார்கள். தோட்டம் கம்பளியைக் கொடுத்தது என்று படிக்கிறோம். இனாமாகக் கொடுத்ததாக நினைத்துவிட வேண்டாம். விலை சம்பளக் கணக்கில் பிடிக்கப்பட்டது. உயிர் காக்கும் துணியைத் தம் கடனிலேயே வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள் என்பதே சரி.

1869இல் இலை நோய் தாக்கி, பின்னர் இலங்கைக் காப்பி அழிந்தது. அங்கிருந்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். நம் நெகிரி செம்பிலானில் ரப்பருக்கு முன்னரே, சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பி பயிரிடப்பட்டது. லின்சம் தோட்டம் அவற்றுள் ஒன்று. பிறகு ரப்பர் வந்தது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கட்டினார்கள். நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் காத்திருந்து கப்பலேறியவர்களிடம் இருந்த சொத்து ஒரு மூட்டை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களின் தளத்தில் படுத்து வந்தவர்களுக்கு, அந்த மூட்டையில் இருந்த போர்வைதான் மெத்தையும் கூரையும்.

இங்கே இலங்கை மலைக்குளிர் இல்லை. ஆகவே கம்பளியும் மெல்ல மறைந்தது. பால் வெட்டுக்குப் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்குச் சாக்கு, பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாள் என்று சமாளித்தார்கள். வேறு வழியும் குறைவு. 1928இல் சில மாவட்டங்களில் சட்டப்படி குறிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் அரிசி போக மிச்சத்தில் குளிர்ச்சட்டை எங்கே வரும்?

அதன்பின் வந்தது ஜப்பானியர் காலம். துணியே கிடைக்காமல் சாக்கை உடுத்தியதைப் பல குடும்பங்களில் இன்றும் பேசக் கேட்கலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் - பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். மலைக்காட்டில், 1943ஆம் ஆண்டின் பருவமழையில், ஒழுகும் குடிசைகளில், போர்வையில்லாமல் படுத்தவர்களைக் காலராவும் மலேரியாவும் எளிதில் வென்றன. அவர்கள் சாவுக்குப் பசியும் நோயும் கொடுமையும் காரணங்கள். நனைந்த உடம்போடு கழித்த இரவுகளும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படவேண்டியவை.

இதே நூற்றாண்டில் உலகின் வேறு மூலையில் குளிர்ச்சட்டை எப்படி எடை குறைந்தது என்பது இன்னொரு கதை. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயக் குழுவில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்னும் வேதியியல் அறிஞர் இருந்தார். மற்றவர்கள் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்க, இவர் பலூன் துணியில் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். முதலில் சிரித்தார்கள். மலைக்காற்று வீசத் தொடங்கியதும் பொறாமைப்பட்டார்கள். அவ்வாண்டில் அவர் 8,300 மீட்டருக்கு மேல் ஏறித் திரும்பினார். பலூன் துணி காற்றை நிறுத்தியது. தூவி காற்றைப் பிடித்துவைத்தது.

அமெரிக்காவில் எட்டி பாவர் என்ற விளையாட்டுப் பொருள் வணிகர், மீன்பிடிக்கப் போனபோது கம்பளிச் சட்டை நனைந்து உறைந்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். அதன்பின் கட்டம் கட்டமாகத் தைத்த தூவிச் சட்டையைச் செய்து, 1940இல் காப்புரிமையும் பெற்றார். கட்டங்கள் அழகுக்காக வந்தவை அல்ல. தூவி எல்லாம் கீழே இறங்கித் தோளில் வெறுந்துணி மிஞ்சாமல் இருக்க வந்தவை. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். இந்த இழை தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. 1980களில், நனைந்தாலும் பயன்படும் செயற்கைத் தூவி வேண்டும் என்று அமெரிக்க இராணுவம் கேட்டதன் விளைவாக, தூவியைப்போல் நுண்ணிய பாலியெஸ்டர் இழைகள் வந்தன. இராணுவத்துக்கும் மலையேறுவோருக்கும் செய்தது நாளடைவில் கடைத்தெருவுக்கு இறங்கியது.

தூவியின் உச்சத்தையும் நம்மவர் தொட்டிருக்கிறார்கள். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் எம். மகேந்திரன், என். மோகன்தாஸ் என்னும் இரண்டு தமிழர்கள். அந்த உயரத்தில் குளிர் மிகக் கடுமை. ஆனால் அது வறண்ட குளிர். அங்கே தூவி வெல்லும்.

நம் குளிரோ நனைந்த குளிர். கடையில் சட்டை எடுக்கும்போது நினைவில் வைக்கவேண்டியது இதுதான். தூவிச் சட்டையில் 600, 700 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 600 என்றால், 28 கிராம் தூவி பொங்கி ஏறக்குறைய பத்து லிட்டர் வாளியை நிரப்பும் என்று பொருள். எண் கூடினால் எடை குறையும், விலை ஏறும். ஆனால் அதே தூவி நனைந்தால் கோழிக்குஞ்சு மழையில் நனைந்ததுபோல் ஒட்டிச் சுருங்கிவிடும், உலர்த்துவது பெரும்பாடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். படிப்புக்காகக் குளிர்நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். அன்றாடம் தோட்டத்திலிருந்து வேலைக்குப் போய்வருபவருக்கு வீண் செலவு என்பதே நம் கருத்து.

நமக்கு ஏற்றது, காற்றுப் புகாத மெல்லிய மேல்துணியும், உள்ளே மெலிதான பாலியெஸ்டர் அடைப்பும் உள்ள சட்டை. சிலவற்றின் சீட்டில் 60 கிராம், 100 கிராம் என்று இருக்கும். அது சட்டையின் எடையன்று. ஒரு சதுர மீட்டருக்குப் போட்டிருக்கும் அடைப்பின் எடை. நமக்கு 60 போதும். கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் பிள்ளைக்குக்கூட அதற்குள் ஒரு ஸ்வெட்டர் போட்டால் தாராளம். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. இடையில் இன்னொரு காற்றுப்படலம் கிடைக்கிறது, வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம். ஃபிளீஸ் என்னும் பஞ்சுபோன்ற துணி மட்டும் உள்ள சட்டை வகுப்பறைக்கும், செனாவாங் தொழிற்சாலைகளின் குளிரூட்டிய கூடங்களுக்கும் நன்று. மோட்டார் சைக்கிளில் அதற்குள் காற்று புகுந்து வெளியேறும். நம் இளைஞர்கள் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மார்பில் காற்றை நிறுத்தும் வழி அது.

பண்டல் கடையில் பழைய சட்டை எடுப்பதில் ஒரு குறைவும் இல்லை. கையால் நன்றாக அமுக்கிவிட்டுப் பாருங்கள். மெத்தென்று திரும்ப எழும்பினால் அடைப்பு உயிரோடு இருக்கிறது. தட்டையாகவே கிடந்தால், எவ்வளவு பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடைப்பு விலகிய இடம் தெரியும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கிறதா, ஊறுகிறதா என்பதும் தெரிந்துவிடும். கையின் முனையும் இடுப்பும் இறுக்கமாகவும், மார்பும் தோளும் சற்றுத் தளர்வாகவும் இருக்கட்டும். தோளில் இறுகினால் உள்ளிருக்கும் காற்று நசுங்கிப்போகும். பணம் கொடுத்து வாங்கியது அந்தக் காற்றைத்தானே!

ஓர் எச்சரிக்கை. பாலியெஸ்டரும் நைலானும் நெருப்புக்கு உருகும்; உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளிக்கு இந்த ஆபத்து இல்லை. விறகடுப்பில் காப்பி போடும் அம்மாக்கள், அவசரத்தில் இச்சட்டையோடு அடுப்பின்மேல் குனியக்கூடாது. குப்பை கொளுத்தும் இடத்திலும் கழற்றி வைத்துவிடவேண்டும்.

துவைக்கும்போது கொதிநீரும் வெளுப்புத் தூளும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி நீரை வடித்து, தாழ்வாரக் கொடியில் நிழலில் போட்டால், காற்றோட்டம் இருந்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். காய்ந்தபின் மடித்துப் பெட்டியின் அடியில் திணிக்காமல் ஆணியில் மாட்டி வையுங்கள்.