சம்பளம் தந்தவர் யார்?

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த உதவிபெறும் பாடசாலைகள் கட்டணம் அறவிடுவதை நிறுத்தின. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. 1960இல் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தனித்து நிற்கத் தீர்மானித்தவை மானியமும் கட்டணமும் இன்றி நன்கொடைகளில் தங்கி நின்றன.

யுத்த காலத்தில் நாங்கள் படித்தபோது, நியமனம் பெற்ற ஆசிரியர்கள் பலர் இடம்பெயர்ந்தனர். வெற்றிடங்களைத் தொண்டர் ஆசிரியைகள் நிரப்பினர். சிறு கொடுப்பனவுதான், ஓய்வூதிய உரிமை இல்லை. எங்களுக்கு இரசாயனவியல் கற்பித்தவரும் அவர்களுள் ஒருவரே. அவர் இட்ட அத்திவாரத்தில்தான் எங்களில் சிலர் மருத்துவபீடம் புகுந்தோம்.

நூற்றாண்டு மண்டபத்துக்கு நிதி சேர்க்கும் நாம், அதில் ஒரு பங்கை ஆசிரியரில்லாத பாடங்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு ஒதுக்குவோம். அந்த ஆசிரியைகளுக்கு நாம் பட்ட கடன் அது.