தாமஸ் மன்றோவின் பாராமகால் கடிதங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ (1761–1827) பாராமகாலில் பணிபுரிந்த காலத்திலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் தம் குடும்பத்தாருக்கும் சக அதிகாரிகளுக்கும் எழுதிய கடிதங்கள். போர், பதவி, சம்பளம், நிலவரி ஆகியவை பற்றி அரசு ஆவணங்கள் அடக்கிப் பேசியவற்றை இவை வெளிப்படையாகப் பேசுகின்றன. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரியையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் குறிக்கும் பழைய பெயர்.

பின்னணி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூர் மேட்டுநிலம் மைசூரிடமே இருந்ததால், எல்லை இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதியின் ஊடாகச் சென்றது. சென்னையின் சிவில் அதிகாரிகளுள் உள்ளூர் மொழி அறிந்தோர் அரிதாக இருந்தனர். எனவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், படைத்துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். மன்றோ, மக்ளியோட், கிரஹாம் ஆகியோர் அவருடைய உதவியாளர்கள்.

உள்ளடக்கம்

*அரசியல்:* 1790இல் ஆம்பூரிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மராத்தியரைத் தடுக்கும் அரணாக மைசூரை விட்டுவைக்கலாம் என்ற கொள்கையை மன்றோ மறுத்தார். திப்புவின் கட்டுக்கோப்பான அரசையே கம்பெனியின் பெரும் ஆபத்தாக அவர் கருதினார்.

*சம்பளம்:* கலெக்டருக்குக் குறைந்த சம்பளம் கொடுப்பது சிக்கனமாகாது என்பது அவர் வாதம். கலெக்டர் மறைவாகப் பெறும் தொகையைவிடப் பலமடங்கு வருவாயை அரசு இழக்கும் என்றார்.

*நிலவரி:* நீண்டகாலக் குத்தகைத் திட்டம் தடுமாறியபோது, உழவரிடம் நேரடியாக ஆண்டுதோறும் வரி முடிவுசெய்யும் முறை குறித்து 1797இல் ரீடுக்கு எழுதினார். பின்னர் ரயத்துவாரி எனப் பரவிய முறைக்கு இந்த விவாதமே அடித்தளம்.

*பதவி:* 1799இல் திப்பு வீழ்ந்ததும் மன்றோ மேற்குக் கடற்கரையிலுள்ள கனராவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவர் மனம் ஒட்டவில்லை. மாற்றல் வேண்டி எழுதினார். 1800இல் கடப்பை, பெல்லாரி உள்ளிட்ட, கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களின் பொறுப்பு கிடைத்தது. தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிந்த ஏக்கம் அவருடைய குடும்பக் கடிதங்களில் தெரிகிறது.

பதிப்பு

மன்றோ 1820 முதல் சென்னை ஆளுநராக இருந்து, 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். 1830இல் ஜி. ஆர். கிளெய்க் வெளியிடத் தொடங்கிய மன்றோவின் வாழ்க்கை வரலாற்று நூலில் இக்கடிதங்கள் பல அச்சேறின. பாராமகாலின் அலுவல் ஆவணங்களைச் சென்னை அரசு 'பாராமகால் ஆவணங்கள்' என்ற தலைப்பில் தனியே பதிப்பித்தது.

முக்கியத்துவம்

ஓர் ஆணை பிறப்பதற்கு முன் அதிகாரிகளிடையே நிலவிய ஐயத்தையும் ஆசையையும் இக்கடிதங்கள் காட்டுகின்றன. ஆனால் வரி கட்டிய உழவரின் சொல் இவற்றில் நேராக ஒலிப்பதில்லை. வரி வசூலித்தவரின் பேனா வழியாகவே வருகிறது. இவற்றை வாசிப்போர் அந்தக் குறையை மறக்கலாகாது. அன்று வரி முடிவுசெய்த ஜமாபந்தி இன்றும் தாலுகா அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரிலும் நிலம் கைமாறும்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.