மறைப்புக்குள் ஓர் இரவு



டேவிட் வில்லியம்சன் எழுதிய 'டான்ஸ் பார்ட்டி' என்ற ஆஸ்திரேலிய நாடகம் 1971இல் மெல்போர்னில் மேடையேறியது. கதை 1969 அக்டோபர் 25, தேர்தல் இரவில் நடக்கிறது. இருபதாண்டுகள் ஆட்சியில் இல்லாத தொழிற்கட்சி இம்முறை வெல்லும் என்ற நம்பிக்கையோடு டான் வீட்டில் நண்பர்கள் கூடுகிறார்கள். கட்சி தோற்கிறது. குடி ஏற ஏற, அவர்களுடைய மணவாழ்க்கையின் கசப்புகளும் வெளியே கொட்டுகின்றன. அந்த வீட்டில் யார் எந்தக் கட்சி என்பது ஊரறிந்தது; சொந்த வாழ்க்கைதான் ரகசியம்.

கொங்கு நாட்டு வளவில் இது தலைகீழ். நம் பசியும் கடனும் வீட்டுச் சண்டையும் தோட்டத்துப் பண்ணாடிக்கு எப்போதும் தெரியும். அவருக்குத் தெரியாமல் நம் கைக்கு வந்தது வாக்கு ஒன்றுதான்.

வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1928இலேயே சைமன் குழுவின் முன் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். அது 1952 பொதுத்தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் போட வேண்டும். பண்ணயத்துக்கு இருந்த ஒரு மாதாரிக்கு, யாருடைய கண்ணும் படாமல் முடிவெடுக்கக் கிடைத்த இடம் அந்த மறைப்பு. அதை நம் முதல் தனி அறை என்பேன்.

1967இல் விருதுநகரில் காமராசர் தோற்றார். கோபிச்செட்டிபாளையத்தில் மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் தோற்றார். வரலாறு இவற்றை எழுதியது. அந்த இரவில் நம் வளவில் யார் மகிழ்ந்தார், யார் மறுநாள் வேலை கிடைக்குமா என்று அஞ்சினார் என்பதை எழுதவில்லை.

அந்த அச்சம் பழங்கதையாகிவிடவில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழியிருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் இயந்திரம் வந்தது. இப்போது சாவடிவாரியாகக் கணக்கு வெளியாகிறது. தனி மனிதரின் வாக்கு ரகசியம். வளவின் வாக்கு ரகசியமில்லை. 'உங்க வளவுல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்' என்ற ஒரு வாக்கியம் போதும். பதினான்கு இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

தனித் தொகுதியிலும் இதே நிலைதான். 1932 பூனா ஒப்பந்தத்தின் வழியே வந்த கூட்டுத் தொகுதி முறையில் வேட்பாளர் நம்மவர், வாக்காளரோ எல்லாச் சாதியினரும். 2021 மே 2 அன்று தாராபுரம் தனித் தொகுதியில் பாஜக மாநிலத் தலைவர் எல். முருகன் திமுகவின் கயல்விழி செல்வராஜிடம் 1,393 வாக்குகளில் தோற்றார். வித்தியாசம் இவ்வளவு சிறிதாகும்போது, ஒவ்வொரு சாவடியின் எண்ணும் ஒரு விசாரணையாக மாறிவிடுகிறது.

ஆகவே நம் மேடைக்கு வரவேண்டிய தேர்தல் இரவு வேறு. நம்மிடம் அது ஓர் இரவில் முடிவதில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, முடிவு வந்த இரவு என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் இரவில் பணத்தோடு கதவு தட்டப்படும். இரண்டாம் இரவில் கணக்கோடு தட்டப்படும். இடையில் ஒரு வீடு. உள்ளே கணவன், மனைவி. அவள் யாருக்குப் போட்டாள் என்று அவனும் கேட்கிறான். அவள் சொல்லவில்லை. பண்ணாடியிடம் காத்த ரகசியத்தைப் புருஷனிடமும் காக்க அவளுக்கு உரிமை உண்டா என்பதே அந்த நாடகத்தின் கேள்வி.

பதில் சொல்ல நாமும் கடமைப்பட்டவர்கள். சாவடிக் கணக்கைக் கலந்து எண்ணு என்று அரசிடம் கேட்கும் நாம், நம் வீட்டுக்குள்ளும் அந்த மறைப்பைக் கட்டித் தரவேண்டும். அந்த நாடகத்தை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் எழுதட்டும்.

ஜெய் பீம்.