வட்டக் குடிசையும் எண்கோண வீடும்: புயற்கரையின் சிறு வீடுகளுக்கு ஏற்ற வடிவம்

ஆந்திரத்தின் வடகடலோர ஊர்களில் வட்டமான மண்சுவரும் கூம்புக் கூரையும் கொண்ட குடிசையைச் ‘சுட்டில்லு’ என்பார்கள். பனையோலைக் கூரை சுவரை மூடித் தாழ இறங்கும். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். புயலைத் தாங்கும் மரபறிவுக்குச் சான்றாகக் கட்டடவியலார் இதைக் காட்டுவதுண்டு. அது நியாயம்தான். ஆனால் பாராட்டு பெரும்பாலும் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. வட்டத்தையோ எண்கோணத்தையோ தேர்ந்தால் சுவர்ச் செலவு குறைகிறது. அப்படி மிச்சமாவதைக் கூரையின் பிணைப்புகளில் போடும்போதே அந்த வடிவம் ஏழை வீட்டைக் காக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 (பகுதி 3), விசாகப்பட்டினத்துக்கு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் சுமார் 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடை. அரை மில்லிமீட்டர் கூரைத் தகரம் சதுர மீட்டருக்கு 5 கிலோகூடத் தேறாது. காற்று கூரை விளிம்பில் முறிந்து எழும்போது தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இறவாணத்திலும் மூலைகளிலும் இந்த உறிஞ்சல் மிகக் கடுமை. காற்றுமுகக் கதவு ஒன்று பிய்ந்துபோனால் உள்ளழுத்தமும் சேர்ந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். நாற்புறமும் சாய்ந்த கூரையும் கூம்புக் கூரையும் இதைத் தணிக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை.

புயலுக்குப் பின் வயலில் கிடக்கும் தகரத்தைப் புரட்டிப் பார்த்தால் வீடு எங்கே தோற்றது என்று தெரியும். வாஷர் இருந்த துளை கிழிந்து நீண்டிருந்தால் தகரம் ஆணியிடம் தோற்றிருக்கிறது. ரீப்பர் கட்டையும் தகரத்தோடு வந்திருந்தால், கட்டை கைமரத்தை விட்டிருக்கிறது. கைமரமே சேர்ந்து வந்திருந்தால் சுவரின் மேல் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை என்று பொருள். இந்த மூன்றையும் வட்டச் சுவரால் மட்டும் தடுக்க முடியாது.

மேலைநாட்டில் வடிவத்தின் மீதிருந்த நம்பிக்கை எங்கே இடறியது என்பதும் பயனுள்ள பாடம். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் வட்டமான அலுமினிய டைமாக்சியன் வீடு மாதிரிகளைத் தாண்டவில்லை. அவருடைய முக்கோணச் சட்டக் குவிமாடங்களை லாயிட் கான் தம் கையேடுகளால் இளைஞர்களிடையே பரப்பினார். பின்னர், கட்டி வாழ்ந்த அனுபவத்தால், தாமே அக்கையேடுகளில் ஒன்றை மறுபதிப்பிலிருந்து விலக்கிக்கொண்டார். எண்ணற்ற மூட்டுகள் ஒழுகின, செவ்வகப் பலகைகளை வெட்டியதில் சேதாரம் மிகுந்தது, உள்ளே தடுப்பு எழுப்புவதும் பெரும்பாடு. காற்றடைத்த உறைக்குள் கான்கிரீட் தெளித்து எழுப்பும் ஒற்றைக் குவிமாடம் நிச்சயமாக வலியது. ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரையில் அப்படிப்பட்ட ஒரு வீடு 2004-இல் ஐவன் புயலைத் தாங்கி நின்றது. ஆனால் அந்த உறையையும் தெளிப்பு எந்திரத்தையும் கொண்டு நம் மீனவர் வீட்டைக் கட்டச் சொல்வது வீண்.

ஆகவே எண்கோணம். கணக்கு எளிது. 25 சதுர மீட்டர் தரைக்குச் சதுர வீட்டின் சுற்றளவு 20 மீட்டர், வட்டத்துக்கு 17.7, எண்கோணத்துக்கு 18.2. வட்டம் தரும் சிக்கனத்தில் பெரும்பகுதி நேர்ச்சுவரிலேயே கிடைத்துவிடுகிறது. கதவு நிலையும் ஜன்னலும் வளைக்காமல் பொருந்தும். சங்கடம் மூலைகளில்தான். 135 பாகைக் கோணத்தில் கொத்தனார் செங்கல்லை வெட்டித்தான் சேர்க்க வேண்டும். அந்த வெட்டு ஒவ்வொரு வரியிலும் ஒரே நேரில் விழுந்தால் அங்கேயே சுவர் பிளக்கும். ஒவ்வொரு மூலையிலும் அஸ்திவாரத்திலிருந்து ஒரு கம்பியை எழுப்பிச் சுற்றிலும் கான்கிரீட் போடுவதே இதற்குத் தீர்வு. அதே கம்பியைச் சுவர்மட்டக் கான்கிரீட் பட்டியில் கட்டி, பட்டியிலிருந்து கைமரத்தைப் பிடித்தால், கூரையின் இழுப்பு தரை வரை இறங்கிவிடும்.

கடல் ஏறும் இடத்தில் இவை எதுவும் போதாது என்பதை மறைக்கக் கூடாது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையைத் தாக்கிய புயலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது பெரும்பாலும் கடல்நீரே. அங்கே வேண்டியது உயர்ந்த புகலிடம்.

காற்றைப் பொறுத்தவரை விதியே திருத்தம் கேட்கிறது. 2015 பதிப்பு புயற்கரையில் மருத்துவமனை, பள்ளி முதலியவற்றுக்கு 1.30, தொழிற்கூடங்களுக்கு 1.15 என்று முக்கியத்துவக் காரணி வகுக்கிறது. குடியிருப்புக்கு 1.00 மட்டுமே. இது வேகத்தைப் பெருக்கும் காரணி, 1.15 என்றாலே அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். தொழிற்கூடத்துக்குரிய அளவாவது வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கான கூடுதல் கம்பியும் போல்ட்டும் எங்கிருந்து வரும் என்று கேட்டால், 2.7 மீட்டர் உயர எண்கோணச் சுவரில் மிச்சமாகும் 550 செங்கல்லும் அதற்குரிய கலவையும் கூலியும் அந்தச் செலவின் முதல் தவணை.