கடல் கடந்த தமிழரும் தாயகச் செய்தியும்

பிறந்த மண்ணைப் பிரிந்தோர்க்கு அம்மண்ணின் செய்தி உணவினும் இனிதாகும். நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவினின்றும், தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளினின்றும் பல்லாயிரவர் மலாய் நாட்டு இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றதை யாவரும் அறிவர். அவர்கட்குத் தாயகத்து மாறுதல்களைப் பத்திரிகைகள் எங்ஙனம் உரைத்தன என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன் இந்திய தேசியத்தின்பால் பற்றுடையது. சிங்கப்பூரில் 1935ஆம் ஆண்டில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தோன்றிய தமிழ் முரசோ சுயமரியாதை வழிப்பட்டது. அதனை வளர்த்த கோ. சாரங்கபாணி திருவாரூரிற் பிறந்து, 1924இல் சிங்கை சென்றவர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாய் நாட்டுக்கு மேற்கொண்ட பயணம் ஆங்குச் சீர்திருத்த உணர்ச்சியை மிகுவித்தது. ஆகவே தாயகம் ஒன்றேயாயினும் அதனை நோக்கிய கண்கள் இரண்டாயின. அன்னியராட்சி ஒழிதலை ஒன்று முதன்மையாகக் கருதிற்று. சாதி வேற்றுமை ஒழிதலை மற்றொன்று முதன்மையாகக் கருதிற்று.

இவ்வேறுபாடு வெறும் சொற்போரன்று. கடல் கடந்தும் சாதி ஒழிந்திலது; தோட்டத்து லயங்களிலும் அது பிரிவினை செய்தது. ஆதலின், தாயகச் சீர்திருத்தச் செய்தி ஆங்குள்ளார்க்குத் தம் முகங்காட்டும் கண்ணாடியாயிற்று.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாய் நாடு செல்வதைத் தடுத்தது. 1947ஆம் ஆண்டில் தாயகம் விடுதலை பெற்றது. அப்போது, எந்நாடு நம் நாடு என்னும் வினா எழுந்தது. சாரங்கபாணி தாயகத்தை மறந்தாரல்லர். 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கித் தமிழரை ஒன்றுகூட்டினார். எனினும், வாழும் நாட்டின் குடியுரிமையைப் பெறுமாறு 1950களில் தமிழரை வற்புறுத்தி, விண்ணப்பிக்கவும் உதவினார். தமிழ் நேசன் 2019இல் நின்றது. முரசு இன்றும் ஒலிக்கின்றது.

சாதிப் பெயரால் அமைந்த சங்கத்தின் இதழில் இதனை எழுதுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். எனினும், படிப்போர் விரும்புவதை மட்டும் உரைக்கும் ஏடு நண்பனாகாது. குள்ளஞ்சாவடியிலும் சுற்றூர்களிலும் பிறந்த நம் பிள்ளைகள் இன்று சிங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். அவர்கட்கு இவ்விதழ் வாயிலாக நாம் அனுப்புவது குலப்பெருமை மட்டுந்தானா? நம்மவர் பெற்ற கல்வியையும், நம்மிடை இன்னும் நீங்காத குறையையும் ஒருங்கே எழுதியனுப்புவோமாக. அதுவே மெய்யான தாயகச் செய்தியாகும்.