கடலுக்கு இட்ட பூட்டு

1498-ஆம் ஆண்டு மே திங்களில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை வந்தடைந்தபோது, இந்தியப் பெருங்கடலுக்குத் தனியொரு தலைவன் இருக்கவில்லை. அரேபியரும் குஜராத்தியரும் மலபார் வணிகரும் பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்தனர். துறையில் இறங்கிய சரக்குக்கு அத்துறையின் அரசன் சுங்கம் பெற்றான். நடுக்கடலின் அலைகளுக்குப் பொதுவாக எவரும் உரிமை கொண்டாடவில்லை.

மறு ஆண்டிலேயே போர்த்துக்கல் மன்னர் மானுவேல், எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றை வென்றடக்கவும், அங்குக் கலஞ்செலுத்தவும், வணிகம் செய்யவும் தாமே தலைவர் எனப் பட்டம் சூடிக்கொண்டார். அப்பட்டத்தை நடைமுறையாக்கியது பீரங்கி மட்டுமன்று. ஒரு துண்டுக் காகிதமும் ஆகும். அதன் பெயர் கர்த்தாஸ்.

கர்த்தாஸ் என்பது கடற்பயண அனுமதிச் சீட்டு. கலத்தின் தலைவன் யார், அது எத்துறைக்குச் செல்கிறது, எத்தகைய படைக்கலன்களை ஏந்துகிறது என்பவை அதில் குறிக்கப்பெறும். சீட்டுக்குரிய கட்டணம் சிறிதே. ஆனால் அதைப் பெற்ற கலம் போர்த்துக்கீசியரின் கோட்டைத் துறைக்குச் சென்று சுங்கம் செலுத்தியாக வேண்டும். மிளகு முதலிய சரக்குகளை ஏற்றலாகாது. சீட்டின்றிப் பிடிபட்டால் கலமும் சரக்கும் பறிபோகும். 1510-இல் கோவாவும், 1511-இல் மலாக்காவும், 1515-இல் ஓர்முஸும் கைப்பற்றப்பட்டபின் இவ்வேற்பாடு மேலும் இறுகியது.

நிலத்தில் வலிமை மிக்க முகலாயரும் இதற்கு விலக்கல்லர். 1570-களில் மெக்காவுக்குப் புறப்பட்ட அக்பரின் அத்தை குல்பதன் பேகம், இச்சீட்டின் பொருட்டுச் சூரத்தில் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. சீட்டில் இயேசுவின் உருவமும் அன்னை மரியாவின் உருவமும் இருந்தமையால், அதை ஏந்தி ஹஜ் பயணம் செல்லுதல் தகாது என்று இசுலாமிய அறிஞர் வாதிட்டதை அக்கால வரலாற்றாசிரியர் பதாயூனி குறித்துள்ளார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். குழந்தையைக் காக்க இரவோடு இரவாக எகிப்துக்கு வழிநடந்தவர் அன்னை மரியா. அவர் திருவுருவமே பிறர் பயணத்துக்கு விலை குறிக்கும் சீட்டில் இடம்பெற்றது. அச்சீட்டுக்காகக் கைநீட்டி நின்றவருக்கு அது இரக்கத்தின் முகமாகவா தோன்றியிருக்கும்?

இவ்வுரிமைக்குப் போர்த்துக்கீசியர் காட்டிய சான்றுகளுள் ஒன்று, திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் 1455-இல் வெளியிட்ட ஆணை மடல். ஆயினும் திருச்சபைக்குள்ளேயே மறுப்புக் குரல் எழுந்தது. ஸ்பெயின் நாட்டுச் சலமன்காவில் கற்பித்த தோமினிக்கன் சபைக் குரு பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, 1539-இல் அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றி உரையாற்றியபோது, திருத்தந்தை உலகனைத்துக்கும் ஆட்சித் தலைவர் அல்லர் என்றும், கிறிஸ்தவர் அல்லாதாரும் தம் உடைமைகளுக்கு முழு உரிமையாளரே என்றும் நிறுவினார்.

பழி போர்த்துக்கீசியரோடு முடிந்துவிடவில்லை. 1603-இல் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர் 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துக்கீசியக் கலத்தைக் கைப்பற்றினர். அச்செயலுக்கு நியாயம் தேடிய சட்ட அறிஞர் கிரோஷியஸ், கடல் அனைவருக்கும் பொது என்னும் கருத்தை 1609-இல் நூலாக வெளியிட்டார். கருத்து உயர்ந்ததே. ஆனால் அவர் யாருக்காக வாதிட்டாரோ, அந்த டச்சுக் கம்பெனியே பின்னர்த் தன் பெயரால் அனுமதிச் சீட்டு வழங்கியது. 1621-இல் அதன் ஆளுநர் கூன், ஜாதிக்காய் விளையும் பண்டாத் தீவுகள்மீது படையெடுத்தார். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 15,000 மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அல்லது நாடுகடத்தப்பட்டனர். பூட்டை எதிர்த்தவர்கள் சாவி தம் கைக்கு வந்ததும் பூட்டைக் கழற்றவில்லை.

2023 மார்ச் 30-ஆம் நாள், அத்தகைய பழைய ஆணைகளின் பெயரால் வளர்ந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' ஏற்பதில்லை என வத்திக்கான் அறிவித்தது. வித்தோரியாவின் உரைக்கும் இவ்வறிவிப்புக்கும் இடைப்பட்ட காலம் 484 ஆண்டுகள். உண்மையை எடுத்துரைக்க ஒரு குரு அன்றே இருந்தார். அவருக்குச் செவிசாய்க்க ஆதாயம் இடந்தரவில்லை. நம் காலத்திலும் அத்தகைய குரல்கள் இல்லாமலா இருக்கும்? அவற்றையும் இத்தனை நூற்றாண்டுகள் காக்க வைத்தல் தகுமோ?