பழைய பெருங்கணினிக்குப் புதிய வாசல்

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, வார இறுதியில் மூடிவைத்திருந்த தனது இணையவழிச் சேவையை மீண்டும் திறந்தது. அதற்குள் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள், லாயிட்ஸ் வங்கியின் பழைய கணினி அமைப்பிலிருந்து, டிஎஸ்பியின் உரிமையாளரான ஸ்பெயின் நாட்டு சபாடெல் வங்கி உருவாக்கிய புதிய அமைப்புக்கு ஏறத்தாழ ஒரே வீச்சில் மாற்றப்பட்டிருந்தன. திறந்த சிறிது நேரத்திலேயே குழப்பம் தொடங்கியது. பலரால் தங்கள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சிலருக்கு யாரோ ஒருவருடைய கணக்கு விவரங்கள் திரையில் தெரிந்தன. வங்கி முழுமையாக இயல்புநிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடாக 3 கோடியே 27 லட்சம் பவுண்டு வழங்கப்பட்டது. 2022-இல் பிரிட்டனின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

பழைய கணினி அமைப்பை எப்படி மாற்றக் கூடாது என்பதற்கு இன்றளவும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. எப்படி மாற்றலாம் என்பதற்கான விடை இதைவிடப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால், அது பரபரப்பற்ற விடை. அதனால்தானோ என்னவோ, நிர்வாகக் குழுக்களின் அறைகளில் அதற்குப் பெரிய வரவேற்பு இருப்பதில்லை.

வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், விமான முன்பதிவு, வரித்துறை என உலகின் பெரும்பணிகளில் கணிசமானவை இன்னமும் 'மெயின்பிரேம்' எனப்படும் பெருங்கணினிகளில்தான் நடக்கின்றன. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இவை. அவற்றில் ஓடும் நிரல்களில் பெரும்பகுதி கோபோல் மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழி 1959-இல் கூடிய ஒரு குழுவின் முயற்சியில் பிறந்தது. அமெரிக்க வரித்துறை தனிநபர் வரிக்கணக்குகளைப் பேணும் முதன்மைக் கோப்பு 1960-களில் உருவானது. அதை மாற்றும் முயற்சி கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது.

தமிழகத்துக்கும் இதில் நெருங்கிய தொடர்புண்டு. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களை மட்டும் பயன்படுத்திய பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றை வரிவரியாகப் படித்துத் திருத்தியவர்களில் சென்னையிலிருந்து பணியாற்றிய பொறியாளர்களும் இருந்தனர். இந்திய மென்பொருள் துறை வேகமாக வளர அந்தப் பணி ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு தவறான புரிதலை நீக்கிவிட வேண்டும். 'பழைய பெருங்கணினி' என்றதும் தூசி படிந்த இயந்திரம் நினைவுக்கு வருகிறது. இயந்திரம் பழையதல்ல. ஐபிஎம் 2022-இலும் 2025-இலும்கூடப் புதிய தலைமுறைப் பெருங்கணினிகளை வெளியிட்டுள்ளது. பழையவை அதில் ஓடும் நிரல்களும், அவை எழுதப்பட்ட காலத்து வணிக நடைமுறைகளும்தான். 2020 ஏப்ரலில், கரோனா பொதுமுடக்கத்தால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வெளிப்படையாகக் கோரினார். உலகமே கோபோலைப் பழித்தது. ஆனால், பின்னால் இருந்த கோபோல் நிரல்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. தடுமாறியது, பிற்காலத்தில் எழுதப்பட்ட முன்பக்க இணைய அமைப்பே என்று கணினி வரலாற்றாய்வாளர் மார் ஹிக்ஸ் எழுதினார்.

ஆக, சிக்கல் முதுமையில் இல்லை. அணுக முடியாமையில் இருக்கிறது. பெருங்கணினி நிரல்கள், வங்கிக் கிளையில் அமர்ந்திருக்கும் எழுத்தர் 24 வரிகளும் 80 எழுத்துப் பத்திகளும் கொண்ட பச்சைத் திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்வார் என்று எண்ணி எழுதப்பட்டவை. கணக்கைச் சரிபார்க்கும் விதியும், அதைத் திரையில் காட்டும் கட்டளையும் ஒரே நிரலில் பின்னிக் கிடக்கும். கைப்பேசிச் செயலிக்கு அந்த விதி மட்டும் வேண்டும், திரை வேண்டாம். பிரித்தெடுப்பது எப்படி?

தொடக்கத்தில் பலர் செய்தது ஒரு குறுக்குவழி. எழுத்தரைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை எழுதி, அது பச்சைத் திரையின் குறிப்பிட்ட வரியில், குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் எண்ணைப் படித்து இணையதளத்துக்குத் தரும்படி செய்தார்கள். திரையில் ஒரு வரி இடம் மாறினால் எல்லாம் குலைந்துபோகும். இருந்தும், இத்தகைய ஒட்டுகள் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

1990-களின் நடுவில் உருப்பெற்ற சேவைசார் கட்டமைப்பு என்ற கருத்து இதற்கு ஒழுங்கான விடையைத் தந்தது. நமக்குப் பழக்கமான ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டுச் செல்பவர் பதிவேட்டு அறைக்குள் நுழைவதில்லை. இ-சேவை மையத்தில், வரையறுத்த படிவத்தில், வரையறுத்த விவரங்களைத் தருகிறார். வரையறுத்த வடிவில் சான்றிதழ் வருகிறது. உள்ளே பதிவேடு காகிதத்தில் இருக்கிறதா, கணினியில் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நாளை காகிதம் கணினியானாலும் அவருடைய படிவம் மாறாது.

அதுபோலவே, 'இந்தக் கணக்கின் இருப்பைச் சொல்', 'இந்தத் தொகையை இங்கிருந்து அங்கு மாற்று' என வணிகப் பொருளுடைய ஒவ்வொரு செயலும் ஒரு சேவையாக வரையறுக்கப்படுகிறது. என்ன கேட்கலாம், என்ன பதில் வரும், தவறு நேர்ந்தால் என்ன குறியீடு வரும் என்பதெல்லாம் ஓர் ஒப்பந்தமாக எழுதப்படுகின்றன. கைப்பேசி, தானியங்கிப் பணப்பொறி, கிளை, வேறு நிறுவனம் என யாராயினும் அந்த ஒப்பந்தத்தின் வழியாக மட்டுமே பேச வேண்டும். தொழில்நுட்ப உடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது: முதலில் கோர்பா, பின்னர் எக்ஸ்எம்எல் அடிப்படையிலான சோப், இன்று ஜேசன் வடிவத்தில் தகவல் தரும் ஏபிஐ. ஐபிஎம்மின் சிக்ஸ் என்ற பரிவர்த்தனை மென்பொருள் 1960-களின் இறுதியில் பிறந்தது; 2005-இல் அதுவே இணையச் சேவைகளை நேரடியாக வழங்கும் திறனைப் பெற்றது. உடையைவிட ஒப்பந்தமே முக்கியம். அது புரியாமல் உடையை மட்டும் வாங்கிய நிறுவனங்கள் ஏராளம்.

ஒப்பந்தத்தின் அருமையைச் செயலில் காட்டியது சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி. பிஎல்/1 மொழியில் எழுதப்பட்ட அதன் பெருங்கணினி நிரல்களை முற்றாகத் தூக்கியெறிந்து புதிதாக எழுதுவதற்குப் பதிலாக, 1990-களின் இறுதியில், கோர்பா தொழில்நுட்பத்தில் ஒரு 'தகவல் தடம்' அமைத்து, பழைய நிரல்களின் செயல்களைச் சேவைகளாக வெளியே கொண்டுவந்தது. எவரும் நினைத்த மாத்திரத்தில் ஒரு சேவையை உருவாக்கிவிட முடியாது. ஒவ்வொன்றின் இடைமுகமும் மைய அளவில் பரிசீலிக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள சேவை போதும் என்றால் புதியதற்கு இடமில்லை. அந்தப் பணியில் ஈடுபட்ட முரர், பொனாட்டி, ஃபரர் ஆகிய மூவரும் 2011-இல் தங்கள் அணுகுமுறையைத் தனி நூலாகவே வெளியிட்டனர். 'நெறிப்படுத்திய பரிணாமம்' என்பது அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர். 2023-இல் அந்த வங்கி வீழ்ந்து யூபிஎஸ் வசம் சென்றது என்பது உண்மைதான். அதற்குக் காரணம் கணினி அல்ல, வங்கித்தொழில்.

சேவை என்ற வாசல் அமைந்துவிட்டால் வேறொரு நன்மையும் கிடைக்கிறது. வாசலுக்குப் பின்னால் இருப்பதைச் சிறிது சிறிதாக மாற்றலாம். மென்பொருள் அறிஞர் மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் இந்த முறைக்கு, ஆஸ்திரேலியக் காடுகளில் கண்ட ஓர் அத்தி மரத்தின் பெயரைச் சூட்டினார். நமக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. பனைமரத்தின் மட்டை இடுக்கில் பறவை இட்ட ஆலம்விதை முளைத்து, விழுதிறக்கி, பனையைச் சுற்றி வளர்ந்து, ஒருநாள் பனை இருந்த இடத்தில் ஆல் நிற்பதை நம் ஊர் ஏரிக்கரைகளில் காணலாம். இருப்பு கேட்கும் சேவை முதலில் புதிய அமைப்புக்கு மாறும், வைப்புநிதி அடுத்து, கடன் கணக்கு பிறகு. ஒன்று தவறினால் அதை மட்டும் பழைய நிரலுக்குத் திருப்பிவிடலாம். டிஎஸ்பி வங்கிக்கு இல்லாமல் போனது அந்தத் திரும்பும் வழிதான். புதிய அமைப்புக்கு இரண்டு தரவு மையங்கள் இருக்க, சுமைச் சோதனை ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டிருந்தது என்பதும், மாற்றத்தைப் பெரும்பாலும் ஒரே நிகழ்வாக வைத்துக்கொண்ட முடிவு போதிய அளவு கேள்விக்குள்ளாக்கப்படவில்லை என்பதும் பின்னர் நடந்த தனி விசாரணையில் வெளிவந்தன.

ஆனால், வாசல் வைத்தாலே வீடு புதிதாகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. பெருங்கணினியின் பணிகளில் பாதி பகலில் நடப்பதில்லை. வட்டி கணக்கிடுதல், சம்பளம் வரவு வைத்தல், காசோலைத் தீர்வு போன்றவை இரவில் வரிசையாகத் தொகுப்புப் பணிகளாக ஓடுகின்றன. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 2012 ஜூன் மாதம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் இந்த வரிசையை மேலாளும் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. சிக்கல் தெரிந்ததும், விளைவைச் சோதிக்காமலேயே புதிய பதிப்பு நீக்கப்பட்டது. வரிசை குலைந்தது. பிரிட்டனில் மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர், 2014-இல் 5.6 கோடி பவுண்டு அபராதம். கைப்பேசிச் செயலி எத்தனை அழகாக இருந்தாலும், இரவுப் பணி முடியாவிட்டால் அது காட்டும் இருப்பு நேற்றைய இருப்பே.

சுமையும் மாறிவிட்டது. கிளைக்கு மாதம் ஒருமுறை வந்தவர், இன்று நாளுக்குப் பத்து முறை கைப்பேசியில் இருப்பைப் பார்க்கிறார். ஒவ்வொரு பார்வையும் பெருங்கணினியைத் தட்டி எழுப்புகிறது. அதன் மென்பொருள் உரிமக் கட்டணம் பெரும்பாலும் உச்ச நேரப் பயன்பாட்டை ஒட்டியே கணக்கிடப்படுவதால், வாடிக்கையாளரின் ஆர்வம் வங்கிக்குச் செலவாகிறது. இதனால், வெறுமனே பார்க்கும் கோரிக்கைகளுக்குத் தரவின் நகலை வெளியே வைத்துப் பதில் சொல்லும் ஏற்பாடும் சேவை அடுக்கில் தேவைப்படுகிறது. நகல் எத்தனை வினாடி பின்தங்கியிருக்கலாம் என்பதைத் தொழில்நுட்பப் பிரிவு மட்டும் முடிவு செய்ய முடியாது; அது வணிக முடிவு.

மற்றொரு ஆபத்து, இடையடுக்கே அடுத்த தலைமுறையின் சுமையாகிவிடுவது. 2000-களில் பல நிறுவனங்கள் எல்லாச் சேவைகளையும் ஒரு நடுத்தடத்தின் வழியே செலுத்தி, அந்தத் தடத்துக்குள்ளேயே வணிக விதிகளையும் எழுதத் தொடங்கின. பழைய சிக்கலுடன் புதியதொரு சிக்கலும் சேர்ந்ததே மிச்சம்.

செலவைப் பொறுத்தவரை மலிவான வழி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2008-இல் தொடங்கிய மைய அமைப்பு மாற்றம் சுமார் ஐந்து ஆண்டுகள் நீடித்தது. 58 கோடி ஆஸ்திரேலிய டாலராக மதிப்பிடப்பட்ட செலவு நூறு கோடியைத் தாண்டியது. அது வெற்றி பெற்ற முயற்சி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் ரயில்வே முன்பதிவு அமைப்பை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அது ஐபிஎம் பெருங்கணினியில் ஓடுவதல்ல. சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களைக் கொண்ட அந்த அமைப்பு, ஓபன்விஎம்எஸ் என்ற பழைய இயக்கமுறைமையில், 2010-இல் நிறுவப்பட்ட ஐட்டேனியம் கணினிகளில் இயங்குகிறது. ஆயினும் கதை ஒன்றே. 2002-இல் ஐஆர்சிடிசி இணையதளம் வந்தபோது உள்ளமைப்பு மாறவில்லை; அதற்கு ஒரு வாசல் வைக்கப்பட்டது. 2014-இல் அந்த வாசல் அகலப்படுத்தப்பட்டு, நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டு என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. இப்போது உள்ளமைப்பையே மாற்றி, நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் என்ற இலக்கை ரயில்வே அமைச்சகம் அறிவித்துள்ளது.

வேகம் வந்துவிடும், வன்பொருள் அதற்குப் போதும். கடினமானது வேறு. பொது ஒதுக்கீடு, தட்கல், மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை, ஆர்ஏசி, இடைநிலையங்களுக்கான ஒதுக்கீடு, காத்திருப்போர் பட்டியல் நகரும் முறை எனப் பல பத்தாண்டுகளின் விதிகள் அந்த நிரல்களுக்குள் இருக்கின்றன. சுற்றறிக்கையில் உள்ள விதியும் நிரலில் உள்ள விதியும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்று எந்தப் பழைய அமைப்பைப் பற்றியும் உறுதி சொல்ல இயலாது. ஒவ்வொரு விதியையும் தனிச் சேவையாகப் பிரித்து, சில காலம் பழையதையும் புதியதையும் ஒரே கோரிக்கைக்கு அருகருகே ஓடவிட்டு, இரண்டின் விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி. வேறுபடும் இடங்களின் பட்டியலை அமைச்சகம் வெளியிட்டால், தங்கள் படுக்கை எந்தக் கணக்கில் ஒதுக்கப்படுகிறது என்பதைப் பயணிகள் முதன்முறையாக முழுமையாக அறிந்துகொள்வார்கள்.